கடைக் கணக்கில் விரைவு விசைகளும் மேக்ரோவும்



சென்ற நோன்புப் பெருநாள் கழித்துச் சங்கத்தில் கூடியிருந்தபோது கூலிமிலிருந்து வந்திருந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "கணினி வாங்கிப் போட்டு மூன்று வருஷமாகிறது, நானா. நோட்டில் எழுதின காலத்தில் இரவு பத்துக்குக் கணக்கு முடியும். இப்போது பதினொன்றரை ஆகிறது. இதற்காகவா இரண்டாயிரம் வெள்ளி கொடுத்தேன்?" கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்களில் பாதிப் பேர் கடையிலும் அதே கதைதான் என்பது நமக்குத் தெரியும். அவருக்கு அன்று வாய்மொழியாகச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

நாம் படித்தது ஓதும் பள்ளியும், தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பும்தான். ஆங்கிலம் சரக்குப் பெட்டிகளின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்த்துக் கற்றது. ஆகையால் நமக்கு விளங்கிய காரியம் எவருக்கும் விளங்கும் என்ற தைரியத்தில் எழுதுகிறோம்.

அத்தா காலத்தில் பீடோங்குக்கு வெளியே தோட்டத்துச் சாலையோரம் நம் கடை இருந்தது. வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு '555' நோட்டு. அரிசி, பருப்பு, கருவாடு, எண்ணெய் எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளில் தீர்ந்து மறுநாள் மறுபடியும் ஏறும். அதே நேரம் தோட்டத்துக் கிராணியார் பெரட்டுக் களத்தில் நின்று செக்ரோலில் அதே பெயர்களை அதே வரிசையில் தினமும் குறித்துக்கொண்டிருப்பார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதே கணக்கு எழுதுகிறவன் பிழைப்பு. கடனை எழுதி வைப்பது நம் மார்க்கத்தில் எத்தனை பெரிய காரியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குர்ஆனின் மிக நீண்ட வசனமே அதைப் பற்றியது, பகரா சூராவில் 282ஆவது.

திரும்பச் செய்யும் வேலையின் அலுப்பிலிருந்துதான் இன்றைய கணக்குத் தாளும் பிறந்தது. அமெரிக்காவில் ஹார்வர்ட் வியாபாரக் கல்லூரியில் (நம் பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டம் அன்று!) டான் பிரிக்லின் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டு எண்களை எழுதுவார். ஓர் எண் பிசகினால் அதைச் சார்ந்த எல்லாவற்றையும் அழித்து மறுபடி எழுத வேண்டும். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறிக்கொள்ளும் பலகை ஒன்று இருந்தால் என்ன என்று மாணவர் நினைத்தார். பாப் பிராங்ஸ்டன் என்ற நண்பருடன் சேர்ந்து 1979இல் 'விசிகால்க்' என்ற பெயரில் அதை வெளியிட்டார். பிறகு 1983இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. 1985இல் எக்செல் வந்தது. இன்று காசு கொடுக்காமலே கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸும் அதே வழியில் நடக்கிறது. நாம் கீழே சொல்லும் விசைகள் எக்செலுக்கு உரியவை.

முதலில் கை பழகட்டும்

கூலிம் சகோதரருக்கு நேரம் எங்கே போகிறதென்று பார்த்தோம். அவர் ஒவ்வொரு வரியிலும் தேதியை முழுவதாகத் தட்டுகிறார். நாள், மாதம், வருஷம், நடுவே இரண்டு சாய்கோடு: பத்துத் தட்டு. நாளொன்றுக்கு நாற்பது வரி என்றால் தேதிக்கு மட்டும் நானூறு தட்டு! கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே அரைப்புள்ளி விசையைத் தட்டினால் இன்றைய தேதி தானே விழும். அடுத்த வரியில் அதே தேதி வேண்டுமானால் கண்ட்ரோலுடன் 'டி'. மேலே உள்ளது கீழே இறங்கிவிடும். தேதியென்றில்லை, பெயர், விலை எதுவானாலும் அப்படியே.

கணக்கின் கடைசி வரிக்குப் போக மௌஸைப் பிடித்து உருட்டிக்கொண்டே இருக்கிறோம் அல்லவா? கண்ட்ரோலுடன் கீழ் அம்பு. ஒரே தாவல். (நடுவில் வெற்றுக் கட்டம் இருந்தால் அங்கே நின்றுவிடும், ஆகவே வரிகளுக்கிடையே அழகுக்காக இடம் விடாதீர்கள்.) மொத்தம் போட ஆல்ட் விசையுடன் சமக்குறி. குறிப்பிட்ட ஒருவர் கணக்கை மட்டும் பிரித்துப் பார்க்க கண்ட்ரோல், ஷிப்ட், 'எல்' மூன்றும் சேர்த்து. தலைப்பு வரியில் வடிகட்டி அம்புகள் தோன்றும். தவறிப் போனதை மீட்கக் கண்ட்ரோலுடன் 'இஸட்'. கண்ட்ரோலுடன் 'எஸ்' சேமிப்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் கரண்டு போன பிறகுதான் நினைவு வருகிறது. விண்டோஸ் விசையுடன் இடைவெளிப் பட்டையைத் தட்டினால், கணினியில் நீங்கள் சேர்த்து வைத்துள்ள தமிழ் விசைப்பலகைக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறிப் போகலாம்.

இத்தனையையும் ஒரே நாளில் மனனம் செய்ய முயல வேண்டாம். நாம் வாரத்துக்கு இரண்டு விசை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினோம். கை பழகியதும் கிழித்துவிட்டு அடுத்த துண்டு.

விசையை விட முக்கியம் தாளின் ஒழுங்கு. ஒரு வரியில் ஒரு பற்றுத்தான் இருக்க வேண்டும். தொகைப் பத்தியில் எண் மட்டும் இருக்க வேண்டும். அங்கே 'வெள்ளி 5' என்று எழுதினால் அதைக் கணினி எழுத்தாக எண்ணி, மொத்தத்தில் சேர்க்காது, உங்களிடம் சொல்லவும் செய்யாது. பெயர்களில் இன்னொரு தொல்லை. திங்கட்கிழமை 'முனியம்மா' என்றும் வியாழக்கிழமை 'முனியம்மாள்' என்றும் எழுதினால் கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். ஆகையால் வாடிக்கைக்காரருக்கு ஓர் எண் கொடுத்துவிடுங்கள். பெயர் பக்கத்தில் இருக்கட்டும், கணக்கு எண்ணின் பேரில் நடக்கட்டும். அப்புறம் 'சம்இஃப்' என்னும் சூத்திரம் ஒன்றே போதும், 14ஆம் எண்காரர் இந்த மாதம் எவ்வளவு வாங்கினார் என்று கண் இமைக்குமுன் சொல்லிவிடும்.

சில்லறை விஷயமும் ஒன்று. நம் நாட்டில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்க பில்லின் மொத்தத்தை ஐந்து காசுக்கு முழுமையாக்குகிறோம். ஒன்று, இரண்டு, ஆறு, ஏழு காசு கீழே இறங்கும். மூன்று, நான்கு, எட்டு, ஒன்பது மேலே ஏறும். தொகையை 20ஆல் பெருக்கி, 'ரவுண்டு' சூத்திரத்தால் முழு எண்ணாக்கி, மறுபடி 20ஆல் வகுத்தால் சரியாக வரும். இதை மொத்தத்துக்கு மட்டும் செய்ய வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் செய்தால் மாதக் கடைசியில் கல்லாவும் தாளும் ஒத்துவரா.

மேக்ரோ என்பது யாது?

தினமும் நீங்கள் செய்யும் பத்துப் படிகளை ஒரு முறை செய்து காட்டினால், பிறகு ஒரே விசையில் அந்தப் பத்தையும் கணினி செய்து முடிக்கும். அதுவே மேக்ரோ. படிப்படியாக எழுதிவைத்த வழிமுறைக்கு உலகம் வழங்கும் 'அல்காரிதம்' என்ற சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். அவருடைய அல்ஜிப்ரா நூலில் பெரும் பகுதி வாரிசுப் பங்கு பிரிப்பதைப் பற்றியது. அவரும் கணக்கு எழுதுகிறவர்களின் சங்கடம் அறிந்தவர்தான்.

செய்முறை இது. எக்செலில் 'வியூ' என்ற தலைப்பின் கீழ் 'மேக்ரோஸ்' இருக்கும். அதில் 'ரெக்கார்ட் மேக்ரோ'. பெயர் கேட்கும், இடைவெளி இல்லாத ஒரு பெயர் கொடுங்கள். விசை கேட்கும், கண்ட்ரோலும் ஷிப்டும் சேர்த்து ஓர் எழுத்தைக் கொடுங்கள். வெறும் கண்ட்ரோலுடன் 'சி' என்று கொடுத்தால், அந்தப் புத்தகம் திறந்திருக்கும் வரை நகலெடுக்கும் விசை போய்விடும். நம் கடைப் பையன் ஒருவன் அப்படிச் செய்துவிட்டு, கீ போர்டு கெட்டுப்போயிற்று என்று புதிதாக ஒன்று வாங்கி வந்தான். விசை கொடுத்தபின் வேலையைச் செய்து காட்டிவிட்டு 'ஸ்டாப்' தட்ட வேண்டும். சேமிக்கும்போது மேக்ரோ உள்ள புத்தகம் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண வகையில் சேமித்தால் மேக்ரோ உதிர்ந்துவிடும்.

அங்கேயே 'ரிலேட்டிவ் ரெபரென்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. இதை அறியாமல் பலர் முதல் நாளே மேக்ரோவைக் கைவிடுகிறார்கள். அதை அழுத்தாமல் பதிவு செய்தால், நீங்கள் இரண்டாம் வரியில் எழுதிக் காட்டியதைக் கணினி எந்நாளும் இரண்டாம் வரியிலேயே எழுதும், நேற்றைய கணக்கின் மேலேயே. அழுத்திவிட்டுப் பதிந்தால், நீங்கள் நிற்கும் கட்டத்திலிருந்து எண்ணிக்கொண்டு போகும். முன்னது 'மூன்றாம் நம்பர் லயத்துக்குப் போ' என்பது போல. பின்னது 'இங்கிருந்து இரண்டு வீடு தள்ளிப் போ' என்பது போல. எந்த வேலைக்கு எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நமக்கு நேர்ந்தது

மருமகன் கற்றுக்கொடுக்க, மாதக் கடைசிக் கணக்குக்கு நாமே ஒரு மேக்ரோ பதிந்தோம். ஒவ்வொரு வாடிக்கைக்காரரின் மாதப் பற்றையும் நகலெடுத்து, பழைய பாக்கியின் மேல் 'பேஸ்ட் ஸ்பெஷல்' வழியாகக் கூட்டிச் சேர்த்து, துண்டுச் சீட்டு அச்சடிக்கும் வேலை. கையால் செய்தால் ஒன்றரை மணி நேரம். ஒரே விசையில் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டோம்.

அந்தப் பெருமைதான் வினை. அவருக்குக் காட்டுவதற்காக இரண்டாம் முறை விசையை அழுத்தியது நமக்கு உறைக்கவே இல்லை.

சம்பள வாரத்தில் ஒரு வயதான அம்மா வந்தார். ரப்பர் மரம் வெட்டி ஓய்வு பெற்றவர், அத்தா காலத்திலிருந்து நம் கடையில் வாங்குகிறவர். சீட்டில் 204 வெள்ளி என்று இருந்தது. எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். மறு வாரம் அவருடைய பேத்தி பழைய '555' நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பழைய பாக்கி 31.20, அந்த மாதப் பற்று 86.40, ஆக மொத்தம் 117.60. நாம் வாங்கியது 204. இரண்டாம் முறை விசை அழுத்தியபோது 86.40 இன்னொரு தடவை ஏறியிருக்கிறது.

அந்த அம்மாவைத் தேடிப் போய்ப் பணத்தைக் கொடுத்தோம். "கூடுதலா இருக்கேன்னு நெனச்சேன் முதலாளி. ஆனா அச்சடிச்ச சீட்டாச்சே, மிசின் தப்பாப் போடுமான்னு குடுத்துட்டேன்" என்றார். கையால் எழுதிய சீட்டாக இருந்தால் அங்கேயே நின்று வாய்ச்சண்டை போட்டிருப்பார். அச்சு எழுத்தைப் பார்த்து வாய் மூடிக்கொண்டார். அன்றிரவு நமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இருபத்து மூன்று கணக்குகளில் பிசகு. ஒன்பது பேர் கேள்வி கேட்காமல் கட்டிவிட்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தோம். ஒருவர் சிலாங்கூருக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டில் விசாரித்துக் கண்டுபிடிக்க ஒரு மாதமாயிற்று.

உடனே கண்ட்ரோல் 'இஸட்' தட்டி மீட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மேக்ரோ செய்ததை எக்செலில் அந்த விசையால் மீட்க முடியாது. இதை ஒவ்வொருவரும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

நாம் கையால் கணக்கு முடித்த காலத்தில் இந்தப் பிழை ஏன் நேரவில்லை என்று பிறகு யோசித்தோம். பாக்கியை ஏற்றுமுன் மேலே 'மே மாதம் முடிந்தது' என்று எழுதியிருக்கிறதா என்று கண் தானே பார்த்துக்கொள்ளும். பதிவுக் கருவி நம் கை செய்ததைத்தான் பதிந்தது. கண் பார்த்ததையும் மனம் சரி என்றதையும் அது பதியவில்லை. 'முடிந்திருந்தால் நில்' என்ற ஒரு வார்த்தையைப் பதிவு செய்ய அதற்குத் தெரியாது. அதை நாமே எழுதித்தான் ஆக வேண்டும். ஆல்ட் விசையுடன் எஃப்11 அழுத்தினால் மேக்ரோவின் உள்ளே எழுதியிருப்பதைப் பார்க்கலாம். விஷுவல் பேசிக் என்ற மொழி அது. 1993 முதல் எக்செலில் இருக்கிறது. பார்த்தால் மிரளத்தான் தோன்றும். ஆனால் 'இஃப்', 'தென்', 'எண்ட் இஃப்' என்ற மூன்று சொற்கள் தெரிந்தால் நம் வேலைக்குப் போதும்.

இப்போது நம் மேக்ரோ முதல் காரியமாக ஒரு தனிக் கட்டத்தைப் பார்க்கிறது. அதில் இந்த மாதத்தின் பெயர் ஏற்கெனவே இருந்தால் 'கணக்கு முடிந்துவிட்டது' என்று சொல்லி நின்றுவிடுகிறது. இல்லாவிட்டால் முதலில் புத்தகத்தை அன்றைய தேதியிட்டு ஒரு நகல் எடுத்துவைத்து, பிறகு பாக்கியை ஏற்றி, முடிவில் மாதத்தின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதுகிறது. ஐந்தாறு வரி கூடுதல். மருமகனும் நாமும் இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினோம். புது மேக்ரோவை நிஜக் கணக்கில் ஓட்டாமல், நான்கே பெயர் கொண்ட பொய்க் கணக்கு ஒன்றில், அதுவும் வேண்டுமென்றே இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குக் கொண்டுவந்தோம். "மாமு, முதலில் இதைத்தானே செய்திருக்கணும்" என்றான் அவன். உண்மைதான்.

பெரிய இடங்களிலும் இப்படி நடக்கிறது. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் ஏறத்தாழ 16,000 கொரோனா நோயாளிகளின் விவரம் கணக்கில் ஏறாமல் போயிற்று. பழைய வகை எக்செல் புத்தகத்தில் 65,536 வரிக்கு மேல் கொள்ளாது. மிஞ்சியது சத்தமில்லாமல் வெளியே நின்றுவிட்டது. இப்போதைய வகை பத்து லட்சத்துக்கு மேல் கொள்ளும். பழைய வகையில் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்றே மாற்றிச் சேமியுங்கள்.

பிறர் எழுதிய மேக்ரோ

முன்பின் அறியாதவர் அனுப்பும் புத்தகத்தில் மேக்ரோ இருந்தால் அது வேறு கதை. நம் விசைக்கு அடங்கிக் கிடப்பது போலவே அனுப்பியவன் கட்டளைக்கும் அது அடங்கும். 1999 மார்ச்சில் 'மெலிசா' என்ற மேக்ரோ வைரஸ் ஒரு வேர்ட் கடிதத்துக்குள் ஒளிந்து வந்தது. திறந்தவரின் முகவரிப் பட்டியலில் முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டு சில நாட்களில் உலகைச் சுற்றியது. 2022 முதல் இணையம் வழியாக வரும் புத்தகங்களின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் தானே தடுத்துவைக்கிறது. அப்படியும் "பில் இணைத்திருக்கிறோம், 'எனேபிள் கண்டென்ட்' அழுத்துங்கள்" என்று மின்னஞ்சல் வருகிறது. சரக்குப் போடும் கம்பெனியின் பெயரிலேயே வந்தாலும், போன் செய்து கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

கைபேசியில் உள்ள எக்செல் இந்த மேக்ரோவை ஓட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கடைக்குக் கைபேசி மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் யோசித்துக்கொள்ளவும்.

வருமான வரிச் சட்டப்படி கணக்குப் பத்திரங்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் 1இல் ஆண்டுக்குப் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்பவர்களிடம் தொடங்கி, படிப்படியாகக் கீழே இறங்கி வந்தது. நம் கடைக்கு அது பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், தேதியும் எண்ணும் ஒழுங்காக இருக்கும் தாளிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்கலாம். ஒழுங்கில்லாத தாளுக்கு எந்த மேக்ரோவும் உதவாது.

'555' நோட்டை நாம் மறுபடி எல்லா வாடிக்கைக்காரருக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டோம். கணினியில் ஏற்றும்போதே அதிலும் எழுதுகிறோம். மாதக் கடைசியில் சீட்டைக் கொடுக்குமுன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். அதற்கு இருபது நிமிஷம் ஆகிறது. போன மாதம் இரண்டு வெள்ளி முப்பது காசு வித்தியாசம் வந்தது. நோட்டில் இருந்ததே சரி.

மேக்ரோவில் அந்த 'முடிந்திருந்தால் நில்' வரிகளை எழுதிப் பழக விரும்புகிறவர்கள் வரும் ஞாயிறு அஸருக்குப் பின் சங்கத்துக்கு வரலாம். கணினியையும் ஒரு மாதச் சிட்டையையும் கொண்டுவரவும். நிஜப் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டாம், அதன் நகலை மட்டும் கொண்டுவரவும்.

வஸ்ஸலாம்.